ஆர்பிட்ரேஷனுக்கு வக்கீல் பிடிப்பது எப்படி? டர்பன் நண்பர்கள் வழி சொல்லுங்கள்

மசாலாக்கடை (சாட்ஸ்வர்த்):

எல்லாருக்கும் வணக்கம். தொழில் செய்கிறவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மசாலா அரைத்துக் கடைகளுக்கு மொத்தமாகப் போடும் ஒரு தொழிலை 2023 கடைசியில் விலைக்கு வாங்கினேன். விற்றவர் தூரத்துச் சொந்தம், எனக்கு மாமா முறை. அரவை மெஷின்கள், கடைப் பெயர், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் சேர்த்துத்தான் விலை. பாதி முன்பணம், மீதி தவணை. விற்ற நாளிலிருந்து மூன்று வருஷத்துக்கு டர்பன் எல்லைக்குள் அவர் இதே தொழிலைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. போன வருஷம் டர்பனுக்குள்ளேயே இருக்கும் ஃபீனிக்ஸில் அவருடைய மகன் பெயரில் ஒரு மில் திறந்தார்கள். அதே மீன் மசாலா, அதே பொட்டல நிறம். என்னுடைய பெரிய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். நான் கடைசித் தவணைகளைக் கொடுக்காமல் நிறுத்திவைத்தேன்.

இப்போது அவருடைய அட்டர்னியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. 12 லட்சம் ராண்ட் பாக்கி, வட்டியோடு கொடு, இல்லையென்றால் வழக்கு. ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதில் நடுவர் தீர்ப்பு, என்று இருக்கிறது. என் வீட்டுப் பத்திரம் பார்த்த அட்டர்னியிடம் காட்டினேன். "அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு, விட்டுத்தள்ளுங்கள், ஹைகோர்ட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். மனசுக்குச் சரியாகப் படவில்லை.

ஆர்பிட்ரேஷனுக்கென்று தனி வக்கீல் உண்டா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? செலவு கோர்ட்டைவிடக் குறைவா?

ஜோபர்க்தமிழ்:

கோர்ட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் பக்கம் படும் பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஜோபர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்து ஹைகோர்ட்டில் சிவில் வழக்கு விசாரணைக்கு 2031ஆம் வருஷத்துத் தேதியெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் 2025 ஏப்ரலில், முதலில் மத்தியஸ்தம் பேசிப் பாருங்கள், அந்த அறிக்கை இல்லாமல் விசாரணைத் தேதி கிடையாது என்று உத்தரவு போட்டார்கள். அது கௌடெங்குக்கு மட்டும். டர்பனில் அந்த அளவு நெருக்கடி இல்லை. ஆனாலும் ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் இருக்கும்போது அதை விட்டுவிட்டு வரிசையில் போய் நிற்பது எனக்குப் புரியவில்லை.

சட்டவீதி (டர்பன்):

தம்பி, நான் இங்கே அட்டர்னி. இந்த வேலைதான் பல வருஷமாகப் பார்க்கிறேன். யாரைப் பிடிப்பது என்பதற்கு முன்னால் அந்த ஷரத்தை வார்த்தை மாறாமல் இங்கே எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம். மகன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, அதையும் சொல்லுங்கள்.

மசாலாக்கடை:

நன்றி அக்கா. ஒப்பந்தம் இங்கிலீஷில் இருக்கிறது, பொருளை அப்படியே தருகிறேன். ஆஃப்சா என்று வருவது ஆர்பிட்ரேஷன் நடத்திக்கொடுக்கும் அமைப்பு. "இந்த ஒப்பந்தத்திலிருந்தோ இதன் தொடர்பாகவோ எழும் எந்தத் தகராறும் ஆஃப்சா விதிகளின்படி, ஆஃப்சா நியமிக்கும் ஒரு நடுவரால், டர்பனில் தீர்க்கப்படும். நடுவரின் தீர்ப்பு இறுதியானது, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அவசர இடைக்கால நிவாரணத்துக்கு எந்தத் தரப்பும் நீதிமன்றம் போவதை இந்த ஷரத்து தடுக்காது." அவ்வளவுதான். மகன் கையெழுத்துப் போடவில்லை. மாமாவும் நானும் மட்டும்தான்.

சட்டவீதி:

சரி, இது நல்ல ஷரத்து. எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. "தொடர்பாகவோ" என்ற சொல் இருப்பதால் அவர் கேட்கும் தவணைப் பாக்கி, நீங்கள் கேட்கப்போகும் நஷ்டஈடு இரண்டும் ஒரே நடுவர் முன்னால் வரும். சில ஒப்பந்தங்களில் பணப் பாக்கிக்கு மட்டும் கோர்ட், மற்றதற்கெல்லாம் ஆர்பிட்ரேஷன் என்று பிரித்து வைத்திருப்பார்கள். அப்படி இருந்திருந்தால் நீங்கள் இரண்டு இடத்தில் இரண்டு செலவு செய்ய வேண்டியிருக்கும்.

உங்கள் அட்டர்னி சொன்னதை அப்படியே கேட்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் உள்நாட்டுத் தகராறுக்கு 1965ஆம் வருஷத்து ஆர்பிட்ரேஷன் சட்டம்தான் இன்னும் நடப்பில் இருக்கிறது. மாமா ஷரத்தை மீறி ஹைகோர்ட்டில் சம்மன்ஸ் அனுப்பினால், அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் வழக்கை நிறுத்திவைக்கக் கேட்கலாம். ஆனால் எதிர்வாதம் செய்யப்போகிறோம் என்ற நோட்டீஸ் கொடுத்த பிறகு, பதில் மனு எதுவும் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். ஆர்பிட்ரேஷன் பழக்கமில்லாத வக்கீல் கை பழகியபடி பதில் மனுவைத் தாக்கல் செய்துவிடுவார். அப்புறம் அந்த வழி போய்விடும், வேறு வாதம் கட்டி மீட்க வேண்டியிருக்கும். சம்மன்ஸ் வந்தால் நோட்டீஸ் கொடுக்க 10 கோர்ட் நாள்தான் அவகாசம். அதனால் இந்த வாரமே ஒருவரைப் பிடியுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆர்பிட்ரேஷனில் மேல்முறையீடு கிடையாது. 28ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வேண்டுமென்றால் இரண்டு பேரும் எழுத்தில் ஒத்துக்கொண்டு மேல்முறையீட்டு நடுவர்களை வைத்துக்கொள்ளலாம், உங்கள் ஷரத்தில் அது இல்லை. 33ஆம் பிரிவில் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம், ஆறு வாரத்துக்குள். அதற்குக் காரணம் நடுவரின் ஒழுங்கீனம், விசாரணை நடத்தியதில் பெரிய முறைகேடு, அதிகாரம் மீறியது, முறையற்ற வழியில் பெற்ற தீர்ப்பு, இவ்வளவுதான். நடுவர் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார், சாட்சியைத் தப்பாக எடைபோட்டார் என்பதெல்லாம் எடுபடாது. டெல்காமுக்கும் டெல்கோர்டியாவுக்கும் நடந்த வழக்கில் 2006இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை அடித்துச் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்துக்கு நடுவர் தப்பான பொருள் கொண்டிருந்தாலும் அது முறைகேடு ஆகாது, அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்தவர்கள் நீங்கள்தான் என்று.

ஆகவே வக்கீலின் திறமை கடைசி நாள் வாதத்தில் தெரிவதைவிட முதல் மாதத்தில்தான் அதிகம் தெரியும். யாரை நடுவராகக் கேட்பது, எந்தக் கேள்விகளை அவர் முன் வைப்பது, எந்த ஆவணங்களை எதிர்த்தரப்பிடம் கேட்டு வாங்குவது, இதெல்லாம் அப்போதுதான் முடிவாகிறது. அங்கே கோட்டை விட்டால் பின்னால் பிடிக்க இடம் இல்லை.

இன்னொன்று, மகன். அவர் கையெழுத்துப் போடாதவர். அவரை ஆர்பிட்ரேஷனுக்குள் இழுக்க முடியாது. மாமா மகனை முன்னால் நிறுத்திப் பின்னாலிருந்து தொழில் நடத்துகிறார் என்று காட்டினால் மாமாவை நடுவர் முன் பிடிக்கலாம். மகனின் மில்லை நிறுத்தத் தடையுத்தரவு வேண்டுமென்றால் கோர்ட்தான். உங்கள் வக்கீல் முதல் சந்திப்பிலேயே இந்த இரண்டையும் பிரித்துப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். பேசவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

டைல்ஸ்காரன் (ஃபீனிக்ஸ்):

அக்கா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நான் சப் கான்டிராக்டர். ஒரு ஷாப்பிங் சென்டர் வேலையில் மெயின் கான்டிராக்டர் பில்லை வெட்டினார்கள். கட்டுமானத்தில் ஜேபிசிசி என்கிற மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் நேரே ஆர்பிட்ரேஷன் கிடையாது, முதலில் அட்ஜுடிகேஷன், அதாவது சீக்கிரம் கிடைக்கும் இடைக்கால முடிவு. அதில் வரும் முடிவு, பின்னால் ஆர்பிட்ரேஷனில் மாற்றும்வரை கட்டுப்படுத்தும். எனக்கு அதிலேயே பாதிப் பணம் வந்தது. மீதிக்கு ஆர்பிட்ரேஷன் போனோம்.

செலவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், பட்டதைச் சொல்கிறேன். கோர்ட்டில் ஜட்ஜுக்கு நாம் சம்பளம் கொடுப்பதில்லை. இங்கே நடுவருக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். அவர் ஒப்பந்தம் படிக்கும் மணி, விசாரணை நாள், தீர்ப்பு எழுதும் நாள் எல்லாவற்றுக்கும் பில். விசாரணை அறைக்கு வாடகை, பேசுவதை எழுத்தில் எடுப்பவருக்குத் தனி. முதலில் இரண்டு தரப்பும் பாதிப் பாதி கட்ட வேண்டும், கடைசியில் யார் சுமப்பது என்று நடுவர் முடிவு செய்வார். ஜெயித்தாலும் செலவழித்தது முழுசாகத் திரும்பாது. எல்லாவற்றின் மேலும் 15 சதவீதம் வாட்.

பிறகு எங்கே லாபம் என்றால், நாட்களில். எங்கள் விசாரணைத் தேதியை இரண்டு தரப்பும் டைரியைத் திறந்து பேசி வைத்துக்கொண்டோம். அந்தத் தேதியில் நடந்தது. ஒத்திவைப்பு என்ற பேச்சே இல்லை.

நடுவராக வந்தவர் குவான்டிட்டி சர்வேயர், கட்டிட வேலையின் அளவும் செலவும் கணக்கிடுகிறவர். முதல் நாள் சைட்டுக்கே வந்தார். தரையில் குனிந்து இரண்டு டைல்ஸைத் தட்டிப் பார்த்து, அடியில் பசை பிடிக்காத சத்தம் எது, ஈரத்தால் தூக்கிய சத்தம் எது என்று அவரே சொன்னார். என் வக்கீல் அதற்கு ஒரு நிபுணர் சாட்சியை வைத்து ஒரு நாள் முழுக்க விளக்கத் திட்டம் போட்டிருந்தார், அது மிச்சம். எங்கள் தொழில் தெரிந்த ஆளை நடுவராகக் கேட்கச் சொன்னது அந்த வக்கீல்தான். அதுக்கே அவருக்குக் கொடுத்த பணம் சரியாகப் போச்சு.

பழையகணக்கர் (டோங்காட்):

பிள்ளைகளா, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். நாற்பது வருஷம் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதினவன் நான். சொந்தத்துக்குள் பணத் தகராறு வந்தால் வக்கீல் நுழைந்த அன்றே உறவு முடிந்தது. மாமா முறை என்கிறீர்கள். கோயில் கமிட்டியில் இருக்கும் பெரியவர்கள் இரண்டு பேரை உட்கார வையுங்கள். கணக்குப் புத்தகத்தை நடுவில் வையுங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடியும்.

இந்த ஊரில் அதற்கு முன்மாதிரி இருக்கிறது. காந்தி 1893இல் டர்பனில் வந்து இறங்கியதே ஒரு வியாபார வழக்குக்காகத்தான். தாதா அப்துல்லாவுக்கும் தைப் சேட்டுக்கும் 40,000 பவுன் வழக்கு, இருவரும் சொந்தக்காரர்கள். பிரிட்டோரியாவில் வழக்கு நடந்தது. இப்படியே போனால் இரண்டு பேரும் வக்கீல் பீஸிலேயே அழிவார்கள் என்று சொல்லி, நடுவரிடம் போக வைத்தவர் காந்தி. தீர்ப்பு தாதா அப்துல்லா பக்கம், 37,000 பவுனும் செலவும். மொத்தமாகக் கட்டினால் தைப் சேட் திவால். அதையும் பேசித் தவணையாக வாங்கிக்கொள்ளச் செய்தார். அந்த மாதிரி ஆள் கிடைத்தால் வக்கீல் வையுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

சட்டவீதி:

ஐயா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பேசித் தீர்ப்பதை நான் எப்போதும் முதலில் வைப்பேன். ஆனால் நீங்கள் சொன்ன கதையிலேயே பாருங்கள், அது வாய்ப் பேச்சில் முடியவில்லை. நடுவரை முறையாக வைத்து, வாதாடி, தீர்ப்பு வந்த பிறகுதான் தவணைப் பேச்சு. ஜெயித்தவர் விட்டுக்கொடுத்ததால் அது நின்றது.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவதில் என் பயம் வேறு. 1965 சட்டம் எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். எழுத்தில்லாமல் பெரியவர்கள் சொன்ன முடிவை 31ஆம் பிரிவில் கோர்ட் உத்தரவாக மாற்ற முடியாது. மாமா ஞாயிற்றுக்கிழமை தலையாட்டிவிட்டுத் திங்கட்கிழமை மறுத்தால் கையில் ஒன்றும் இருக்காது. பேசுங்கள், ஆனால் பேசி முடித்ததைச் சமரச ஒப்பந்தமாக எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொரு ஆபத்து, காலக்கெடு. சாதாரணக் கடனுக்கு மூன்று வருஷம்தான். 1969ஆம் வருஷத்துச் சட்டம். தம்பியின் நஷ்டஈட்டுக் கோரிக்கைக்கும் அதுதான். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது. விஷயத்தை முறைப்படி ஆர்பிட்ரேஷனில் கொண்டுபோய் வைத்தால்தான் பாதுகாப்பு. பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், நோட்டீஸ் ஒரு பக்கம் போகட்டும்.

பழையகணக்கர்:

எழுத்து வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கணக்கு எழுதினவன் அதை மறுக்க முடியாது. ஆனால் நடுவரிடம் போவதற்கு முன் ஒரு தடவையாவது நேரில் பேசச் சொல்லும் வக்கீலாகப் பாருங்கள். அது என் வேண்டுகோள்.

கடற்கரை (உம்ஷ்லாங்கா):

எங்கள் அடுக்குமாடியில் பராமரிப்புக் கட்டணத் தகராறு ஒன்று இருக்கிறது. சம்பளப் பாக்கிப் பிரச்சினை ஒன்று என் தங்கைக்கு. இரண்டுக்கும் இந்த மாதிரி வக்கீல் வைக்கலாமா?

சட்டவீதி:

வேண்டாம் அம்மா. அடுக்குமாடித் தகராறுக்கு சிசாஸ் என்கிற கம்யூனிட்டி ஸ்கீம்ஸ் ஆம்பட் சர்வீஸ் இருக்கிறது, அங்கே மனு போடுங்கள். வேலை சம்பந்தமானதுக்கு சிசிஎம்ஏ என்கிற தொழிலாளர் தகராறு தீர்க்கும் அமைப்பு, மனு கொடுக்கக் கட்டணம் இல்லை. வேலையை விட்டு நீக்கியிருந்தால் 30 நாளுக்குள் போக வேண்டும், அதைத் தவறவிட வேண்டாம். 20,000 ராண்டுக்குள் இருக்கும் பணத் தகராறு என்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், அங்கே வக்கீல் உங்களுக்காக நின்று பேசவே முடியாது. விவாகரத்தை ஆர்பிட்ரேஷனுக்குக் கொண்டுபோக முடியாது, சட்டமே தடுத்திருக்கிறது.

மசாலாக்கடை:

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் இரண்டு பேரைப் பார்த்தேன்.

முதலாமவர் பெரிய அலுவலகம், கண்ணாடிக் கட்டிடம். நல்ல மரியாதை. "இது ஜெயிக்கிற கேஸ், அடித்துத் தூக்கிவிடலாம்" என்றார். நடுவர் யார் என்று கேட்டேன். ஆஃப்சா யாரைக் கொடுத்தாலும் சரி என்றார். செலவு எவ்வளவு என்றதற்கு, போகப் போகத் தெரியும், முதலில் ஒரு தொகை கட்டுங்கள் என்றார். பிறகு விசாரணையில் நின்று வாதாட அட்வகேட் ஒருவரையும் தனியாக வைப்பார்களாம்.

இரண்டாமவர் சின்ன அலுவலகம், ஒரே ஒரு ஜூனியர். ஒப்பந்தத்தை என் முன்னாலேயே முழுக்கப் படித்தார். தொழில் கட்டுப்பாட்டு ஷரத்துப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, "தவணையை நிறுத்திவைக்க இந்த ஒப்பந்தம் உங்களுக்கு உரிமை கொடுக்கிறதா? முதல் சண்டையே இங்கேதான் வரும். இதில் நீங்கள் தோற்கவும் வாய்ப்பு இருக்கிறது" என்றார். கேட்கக் கஷ்டமாக இருந்தது. மகன் விஷயத்தை நான் சொல்வதற்கு முன்னால் அவரே எடுத்தார். செலவை நோட்டீஸ், மனுக்கள், ஆவணங்கள், விசாரணை என்று கட்டம் கட்டமாக எழுதிக் கொடுத்தார். நடுவரின் பங்கு அதில் தனியாக இருக்கிறது. மொத்தம் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. முதலாமவர் சொன்ன முன்பணத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

ஒருவர் ஜெயிப்போம் என்கிறார், இன்னொருவர் தோற்கலாம் என்கிறார். குழம்பிப்போயிருக்கிறேன்.

டைல்ஸ்காரன்:

அண்ணா, முதலாமவர் சொன்னது முன்பணம், இரண்டாமவர் சொன்னது மொத்தம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். எனக்குப் பழக்கமான ஒருத்தர் முன்பணம் குறைவு என்று நம்பிப் போய், விசாரணைக்கு முந்தின வாரம் அட்வகேட் பீஸுக்குக் கடன் வாங்கினார்.

சட்டவீதி:

இரண்டாமவரிடம் போங்கள். யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நீங்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

மேல்முறையீடு இல்லாத இடத்தில் உங்கள் பலவீனத்தை முதல் நாளே கண்டுபிடிக்கும் ஆள்தான் வேண்டும். அந்தப் பென்சில் கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. தொழில் கட்டுப்பாட்டு ஷரத்து நம் நாட்டில் செல்லும். அது செல்லாது என்று சொல்கிறவர்தான் அது நியாயமற்றது என்று நிரூபிக்க வேண்டும். 1984இல் மேக்னா அலாய்ஸ் வழக்கிலிருந்து அதுதான் நிலை. அந்தப் பக்கம் நீங்கள் பலமாக இருக்கிறீர்கள். அவர் மீறியதற்காக நீங்கள் விலையைக் கொடுக்காமல் இருக்கலாமா என்பது வேறு கேள்வி, அங்கேதான் பலவீனம். அந்த இரண்டாமவரிடம் கேளுங்கள், நிறுத்திவைத்த தவணைப் பணத்தை அவருடைய டிரஸ்ட் கணக்கில் (கட்சிக்காரர் பணத்தைத் தனியாக வைக்கும் பேங்க் கணக்கு) உங்கள் பெயரில் வட்டி வரும்படி போட்டுவைக்கலாமா என்று. லீகல் பிராக்டிஸ் சட்டத்தின் 86(4) பிரிவு அதற்கு இடம் தருகிறது. பணம் கொடுக்க முடியாததால் நிறுத்தவில்லை, தகராறு இருப்பதால் நிறுத்தினேன் என்று நடுவருக்குப் புரியும். மாமாவுக்கும் புரியும்.

நடுவர் யாரானாலும் சரி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆஃப்சாதான் நியமிக்கும் என்றாலும், இரண்டு தரப்பும் சேர்ந்து ஒருவரைச் சொன்னால் வேலை சுலபம். இது தொழில் விற்பனை ஒப்பந்தம், சட்டக் கேள்வி கனமாக இருக்கிறது. டைல்ஸ் தம்பிக்கு சர்வேயர் சரியாக இருந்தார், உங்களுக்கு ஓய்வுபெற்ற நீதிபதியோ வணிக வழக்குகள் பார்த்த சீனியர் கவுன்சில் என்கிற மூத்த அட்வகேட்டோ பொருத்தம். கணக்குப் பக்கத்துக்கு ஆடிட்டர் ஒருவர் சாட்சியாக வந்தால் போதும்.

பணம் கட்டுவதற்கு முன்: அவர் வக்கீல்களைப் பதிவு செய்யும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் பதிவு செய்தவரா, இந்த வருஷத்து ஃபிடிலிட்டி ஃபண்ட் (கட்சிக்காரர் பணத்துக்குக் காப்பான நிதி) சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்லவர் கோபப்பட மாட்டார், எடுத்துக் காட்டுவார். பேங்க் விவரம் ஈமெயிலில் வந்தால் அலுவலகத்துக்குப் போன் பண்ணி உறுதி செய்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். வக்கீல் அலுவலக ஈமெயிலை நடுவில் புகுந்து மாற்றி ஏமாற்றுகிற கும்பல் இங்கே அதிகம். விசாரணையில் அவரே நின்று வாதாடுவாரா, அட்வகேட் வைப்பாரா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 12 லட்சத் தகராறுக்கு இரண்டு பேருக்குப் பீஸ் கொடுப்பது எல்லா நேரமும் தேவையில்லை. ஜெயித்தால் சதவீதம் என்று யாராவது பேசினால், 1997ஆம் வருஷத்துச் சட்டப்படி எழுத்தில் இருக்க வேண்டும், வழக்கமான பீஸின் இரு மடங்கையோ கிடைக்கும் தொகையில் 25 சதவீதத்தையோ, இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது.

போர்ட்லூயி:

மொரிஷியஸிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் கம்பெனி தூத்துக்குடி, டர்பன் இரண்டு பக்கமும் சரக்கு அனுப்புகிறது. மசாலாக்கடை நண்பர் மிளகாய், மல்லி இறக்குமதி செய்கிறவர் என்றால் சப்ளையர் ஒப்பந்தங்களையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். நாடு தாண்டிய தகராறுக்குத் தென்னாப்பிரிக்காவில் 2017ஆம் வருஷத்துச் சட்டம் தனி, எங்களுக்கு 2008ஆம் வருஷத்துச் சட்டம். இங்கே அந்த வழக்குகளை உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் பார்ப்பார்கள், அங்கிருந்து எங்கள் கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு நேரே போகலாம். ஷரத்தில் எந்த ஊர் என்று எழுதியிருக்கிறது என்பதை வைத்து வக்கீலே மாறும். உள்ளூர் வழக்கு மட்டும் பார்த்தவரிடம் இதைக் கொடுக்க வேண்டாம்.

மசாலாக்கடை:

பார்த்தேன் அண்ணா. இரண்டு சப்ளையர் ஒப்பந்தங்களில் ஊர் பெயரே இல்லை. அடுத்த ஆர்டருக்கு முன் சரி செய்யச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாமவரையே வைத்துக்கொண்டேன். சான்றிதழ் கேட்டேன், சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினார். தவணைப் பணம் டிரஸ்ட் கணக்கில் போய்விட்டது. மாமாவின் அட்டர்னிக்கு அனுப்பிய கடிதத்தில் மூன்று ஓய்வுபெற்ற நீதிபதிகளின் பெயரைச் சொல்லி, இவர்களில் ஒருவரை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். அதே கடிதத்தில், நடுவரிடம் போவதற்கு முன் ஒரு மத்தியஸ்தர் முன்னிலையில் அரை நாள் உட்காரத் தயார் என்றும் எழுதியிருக்கிறார். டோங்காட் ஐயா கேட்டுக்கொண்டது அது. மகன் மீது கோர்ட்டில் தடை கேட்பதை அந்த அரை நாள் முடியும்வரை நிறுத்திவைக்கலாம் என்று அவர் யோசனை.

ஒரு சந்தேகம். அந்தப் பேச்சில் நான் இறங்கி வந்து ஒரு தொகை சொன்னால், பின்னால் நடுவரிடம் "இவனே ஒத்துக்கொண்டான்" என்று அதைக் காட்டுவார்களா?

சட்டவீதி:

காட்ட முடியாது. சமரசம் பேசும்போது நல்லெண்ணத்தில் சொன்னது பின்னால் சாட்சியாக வராது. இருந்தாலும் மத்தியஸ்தம் தொடங்கும் முன், இங்கே பேசுவது எதையும் வெளியே பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். மகனும் வந்து உட்கார்ந்தால் அவரிடமும் வாங்குங்கள். அவர் வருவது நல்லது, நடுவர் முன்னால் கட்டாயப்படுத்தி நிறுத்த முடியாதவரை அந்த அரை நாளில் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்துவிடலாம்.

பொட்டலத்தின் பழைய மாதிரி, புது மாதிரி இரண்டையும் எடுத்துப்போங்கள். வாடிக்கையாளர் எந்த மாதம் நின்றார் என்ற பட்டியலை ஐயா மாதிரி கணக்குத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து விற்பனைப் புத்தகத்தோடு சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழையகணக்கர்:

புத்தகத்தைக் கொண்டு வா தம்பி. சனிக்கிழமை காலை வீட்டில்தான் இருப்பேன்.